நடைக்கு ஏற்ற சோறு: கொல்லிமலையில் ஒரு வீடு

இடம் கேட்டுப் போன் செய்தபோது அந்த அக்கா இரண்டே கேள்விதான் கேட்டார். "நாட்டுக்கோழி சாப்பிடுவீங்களா?" என்பது ஒன்று. "அருவிக்கு இறங்கி ஏறுவீங்களா, மேலேயே நின்னுக்குவீங்களா?" என்பது இன்னொன்று. தங்கப்போகிற வீட்டில் இருப்பவர் அருவியைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, வியர்வை காயாமல் அவர் வீட்டுத் திண்ணையில் இலை போட்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

நான் கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். என் தோழிக்குச் சொந்த ஊர் பள்ளிபாளையம், ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். அதற்குப் பின் 26 வருடங்களில் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. இந்தத் தை மாதக் கடைசியில்தான் அது நடந்தது. அதனால் இந்த வீட்டைப் பற்றி நான் எழுதுவதில் அந்தச் சந்தோஷமும் கலந்திருக்கும். இருந்தாலும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வந்து தங்கியவர்கள் சொல்லித்தான் அடுத்தவர்கள் வருகிறார்கள். செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் சாலையில், வளப்பூர் நாட்டில் இருக்கிறது. கொல்லிமலையில் ஊர்களை 14 நாடுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். தின்னனூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று பேருந்துப் பலகையில் பார்க்கும்போதே மனசுக்கு நன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் சில சிற்றூர்களும் வயலும் தோட்டமும் சேர்ந்த இடம்.

நாமக்கல்லிலிருந்து காலை அரசுப் பேருந்தில் ஏறினோம். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பதைத் தாண்டியதும் காற்று மாறுவது முகத்தில் தெரியும். வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவு அதிகம் வேண்டாம் என்றால் ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக வேறு சாலையும் உண்டு.

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓட்டு வீடு, பக்கத்தில் விருந்தாளிகளுக்கென்று கட்டிய இரண்டு அறை. முன்னால் பெரிய களம். களம் முழுக்க மிளகும் காப்பிக் கொட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. நான் மிளகைக் கடையில் கறுப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு மூலையில் அன்று பறித்த பச்சை மிளகு, அடுத்து பழுப்பு, அதற்கடுத்து கறுப்பு என்று மூன்று நான்கு நாள் வெயிலும் ஒரே களத்தில் வரிசையாகக் கிடந்தன. அதன்மேல் வீசிய காற்றைத்தான் முதலில் சுவாசித்தோம். தோழி இரண்டு முறை தும்மிவிட்டுச் சிரித்தாள்.

கைகால் கழுவி வந்ததும் அக்கா ஆளுக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். மோர் ஊற்றிக் கரைத்தது, சின்ன வெங்காயம், உப்புப் போட்ட கொய்யாத் துண்டு நாலு. அவ்வளவுதான். பசியோடு வந்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். "வயிறு நெறயச் சாப்புட்டுட்டுப் படி எறங்கக் கூடாது கண்ணு. ஏறி வாங்க, சோறு ரெடியா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது படியில் தெரிந்தது. ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து இறங்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சில இடங்களில் படி முழங்கால் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக இறங்குகிறது. கைப்பிடிக் கம்பி இருக்கிறது, அதை விடாதீர்கள். தோழிக்கு இரண்டு வருடமாக வலது முழங்கால் வலி. "ஐம்பது படிக்கு ஒரு தரம் நிற்போம்" என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். இறங்கும்போது சத்தமாக எண்ணிக்கொண்டே போனோம். அறுநூறுக்கு மேல் ஒரு குரங்கு அவள் பையைப் பிடித்து இழுத்ததில் எண்ணிக்கை போயிற்று. அதற்குப் பிறகு எண்ணாமல் பேசிக்கொண்டே இறங்கினோம்.

தை மாதம் என்பதால் மழைக்காலம் போல வெள்ளம் இல்லை. ஆனாலும் ஐயாறு அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறபோது சாரல் நம்மைத் தேடி வந்து நனைக்கிறது. பாறை வழுக்கும், அருவிக்கு நேர் கீழே நிற்காமல் ஓரமாக நின்றாலே போதும். தண்ணீர் பனிக்கட்டி போல இருந்தது. தோழி முழங்காலைச் சாரலில் காட்டியபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா போன வருடம் இறந்தார். அந்த ஒரு வருடம் அவள் எப்படி இருந்தாள் என்பதைப் போனில் துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தேன். முழுசாக அங்கேதான் சொன்னாள். அருவிச் சத்தத்தில் காதருகே குனிந்து பேச வேண்டியிருந்தது. அதுகூட நல்லதாகப் போயிற்று.

ஏறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப் விற்கும் கடைகள் இருக்கின்றன. கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இதைக் குடிக்காமல் வராதீர்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி எடுத்து, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று கடைக்கார அம்மா சொன்னார். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆயிரம் படி ஏறி வந்து, தொண்டையில் அந்த மிளகுச் சூடு இறங்கும்போது உடம்பு நிமிர்ந்தது உண்மை. தோழி இரண்டாவது டம்ளர் வாங்கினாள். கிழங்கும் அங்கேயே விற்கிறார்கள்.

கோயிலில் அதிகம் நேரம் இருக்க முடியவில்லை, பசி. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைக் கடையெழு வள்ளல்களில் ஒருவராகப் படித்திருப்போம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகச் சங்கப் பாட்டில் வருகிறதே, அவர்தான். செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடி பதினெட்டை ஒட்டி விழா எடுக்கிறார்கள்.

நாலு மணிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். சாமைச் சோறு, பச்சை மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், தயிர், ஊறுகாய்க்குப் பதில் உப்பில் போட்ட பச்சை மிளகுச் சரம். சாமையை நான் கரூரில் பொட்டலம் வாங்கிச் சமைத்திருக்கிறேன், எப்போதும் கூழாகிவிடும். இங்கே ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, ஆனால் விரலால் அழுத்தினால் பஞ்சு போல மசிந்தது. மொச்சை அன்று காலை தோட்டத்தில் பறித்தது. தோலை நீக்கிப் பிதுக்கியும் நீக்காமலும் பாதிப் பாதி போட்டிருந்தார். பிதுக்கியது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியது, பிதுக்காதது பல்லுக்குக் கிடைத்தது. புளி குறைவு, தேங்காய் அரைத்தது மிதமாக. பட்டை, கிராம்பு எதுவும் கிடையாது. மூன்று முறை சோறு வாங்கினேன். ஒரு வேளைக்கு நான் இவ்வளவு சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று, ஆனாலும் கொஞ்சமும் மந்தம் தட்டவில்லை.

அப்போதுதான் அக்கா சொன்னார். அருவிக்கு இறங்காதவர்களுக்கு மத்தியானமே சோறு, குழம்பும் லேசாக வைப்பாராம். இறங்கி ஏறுகிறவர்களுக்கு முதலில் கூழ், பிறகு இந்தச் சாப்பாடு, ராத்திரிக்குக் கொள்ளு ரசம். நடையைக் கேட்டுக்கொண்டுதான் உலை வைப்பது. எத்தனையோ விடுதிகளில் தங்கியிருக்கிறேன். பல பக்கம் உள்ள உணவுப் பட்டியலை நீட்டியிருக்கிறார்கள். நான் அன்றைக்கு என்ன செய்தேன், என் உடம்புக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. இந்த ஒன்றுக்காகவே இந்த வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

ராத்திரி சொன்னபடி கொள்ளு ரசமும் இரண்டு இரண்டு இட்லியும். ரசத்தில் பூண்டும் மிளகும் தூக்கலாக இருந்தன. வெளியே நல்ல குளிர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பதினோரு மணி வரை பேசினோம். விடுதியில் வார்டன் விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கிசுகிசுவென்று பேசுவோமே, அதே மாதிரி. காலையில் எழுந்தபோது இரண்டு பேருக்கும் தொடை வலித்தது. முழங்கால் வலிக்கவில்லை என்று தோழி நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு எழுந்தபோது அக்கா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். இப்போது பக்கத்தில் மில் இருக்கிறது, பெரும்பாலும் அங்கேதான் அரைக்கிறார்கள். வீட்டுக்குக் கொஞ்சம் மட்டும் இன்னும் கையில் குத்துகிறார். நானும் உலக்கையை வாங்கிப் பார்த்தேன். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, வழுவழுவென்று இருக்கும். வேகமாகக் குத்தினால் நொறுங்கிவிடுகிறது, மெதுவாகக் குத்தினால் உமி விடுவதில்லை. "ஒலக்கய நீ குத்தாத, விழவிடு. அது பாத்துக்கும்" என்றார். உலக்கையை உயரத் தூக்கி, விரலைத் தளர்த்தி அதன் கனத்திலேயே இறங்க விட வேண்டும். பத்தாவது தடவை கை பழகியது. பிறகு முறத்தில் போட்டுப் புடைத்தார். மணிக்கட்டின் ஒரு சின்னச் சுழற்சியில் உமி பறந்து முன்னால் விழ, அரிசி பின்னால் அவர் பக்கமே ஒதுங்கி நின்றது. ஒரு படி அரிசிக்கு ஒரு மணி நேர வேலை. மலையில் முன்பு எல்லா மேட்டு நிலத்திலும் சாமையும் தினையும் கேழ்வரகும்தானாம். இப்போது பாதிக்கு மேல் மரவள்ளிக்கிழங்கு. கிழங்கைப் பிடுங்கி ஏற்றினால் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்க் கையில் காசு வந்துவிடும். உரலும் வேண்டாம், முறமும் வேண்டாம். அப்படி மாறியவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் அக்கா தன் கால் ஏக்கரில் சாமையை விடாமல் விதைக்கிறார், வருகிறவர்கள் கேட்டுச் சாப்பிடுகிறார்கள் என்பதற்காகவே.

ஆறு மணிக்கு வரக்காப்பி, தேன் ஊற்றிப் பிசைந்த தினைமாவு உருண்டை. இரண்டு உருண்டையை வாழை இலையில் கட்டிக் கையிலும் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் எங்களுக்கு வழிகாட்டி. அதிகம் பேசாத மனிதர். ஊர்ப் பாதையில் மலையின் கிழக்கு விளிம்பு வரை போய் வேறு வழியாகத் திரும்பினோம். போகவர ஐந்து மணி நேரம். காட்டுக்குள் போகவில்லை, வயலும் தோட்டமும் ஓடையுமாகப் பாதை போகிறது. புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் பழைய காட்டுவழி ஒன்றும் உண்டு. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் அழைத்துப்போக மாட்டேன் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

போகும் வழியில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. ஒற்றை மூங்கிலில் கணுவை மிதியாக விட்டுச் செய்த ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் முழுச் சரத்தையும் பறிக்கலாமாம். மூன்று கிலோ பச்சை காய்ந்தால் சுமார் ஒரு கிலோ மிளகு. இதைக் கேட்ட பிறகு கடையில் நான் பேரம் பேசவில்லை.

எட்டரை மணிக்கு விளிம்புப் பாறையில் உட்கார்ந்தோம். கீழே துறையூர்ப் பக்கத்துச் சமவெளி, எதிரே பச்சைமலை. பள்ளத்தாக்கில் மூடுபனி பால் பொங்கினது போல நின்று, வெயில் ஏற ஏற ஓரங்களில் கிழிந்தது. இலையைப் பிரித்துத் தினை உருண்டையைத் தின்றோம். தோழி தன் பங்கில் பாதியை எனக்குக் கொடுத்தாள். விடுதியில் வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள்.

திரும்பி வந்தபோது பதினோரு மணி. நாட்டுக்கோழி. இதை என் தோழி சொல்லித்தான் நீங்கள் கேட்க வேண்டும். பள்ளிபாளையத்துக்காரியிடம் கோழியைப் பற்றி யாரும் லேசாகப் பேசிவிட முடியாது. அவள் ஊர்ச் சிக்கனில் சின்ன வெங்காயமும், விதை உதிர்த்த காய்ந்த மிளகாயும், தேங்காய்ப் பல்லும்தான். மசாலாத் தூள் சேர்த்தால் அது பள்ளிபாளையம் இல்லை என்பாள். அக்காவின் குழம்பில் மிளகாய் பேருக்குத்தான். காரம் முழுக்கக் களத்து மிளகு, அம்மியில் சீரகத்தோடு அரைத்தது. கோழி விறகடுப்பில் ஒன்றரை மணி நேரம் வெந்திருந்தது. நாட்டுக்கோழி இழுக்கும் என்று பயப்படுவோமே, எலும்பை விட்டுச் சதை தானாகக் கழன்றது. களியை உருட்டிக் குழியாக்கி, குழம்பை ஊற்றி முதல் வாய் வைத்ததும் தோழி கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க ஊரு ருசி வேற. ஆனா இது எங்க அம்மா வைக்கிற மாதிரி இருக்குடி" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை வெளியே, பத்தடி நடந்து போக வேண்டும், ராத்திரிக் குளிரில் அது சிரமம். வெந்நீர் விறகில் காய்வது, காலையில் கேட்டால் அரை மணி ஆகும். போன் சிக்னல் அறைக்குள் வராது, களத்தின் ஒரு மூலையில் வரும். கட்டிலில் மெத்தை மெல்லிசு, முதுகு வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டமாகப் போகிறவர்களுக்கும் ராத்திரி பாட்டுப் போட்டு ஆட நினைப்பவர்களுக்கும் ஏற்ற இடமல்ல, அவர்களும் அப்படிப்பட்டவர்களை ஏற்பதில்லை. கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்ப நாங்கள் பிடித்த ஒரு வண்டிக்காரர் பேசியதைவிட இருநூறு ரூபாய் கூட வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் அதைக் கேட்ட அண்ணன், இனி முதலிலேயே தன்னிடம் சொன்னால் ஊர் வண்டி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், சைவச் சாப்பாடு முழுக்க அதில் சேர்த்தி. கோழிக்கு எடையைப் பொறுத்துத் தனி. அண்ணனின் அரை நாள் வழித்துணைக்கு 600 கொடுத்தோம், அவர் கேட்டது 500. பணம் கையில் கொண்டுபோங்கள், சிக்னலை நம்ப வேண்டாம்.

கிளம்பும்போது இரண்டு கிலோ சாமை, அரைக் கிலோ மிளகு, ஒரு சீப்பு மலைவாழை வாங்கினோம். சாமைக்குப் பக்குவம் கேட்டேன். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும், பொங்கியதும் தீயைக் குறைத்து மூடி, இறக்கிய பின் பத்து நிமிடம் தொடக்கூடாது. நான் இத்தனை நாள் பச்சைத் தண்ணீரில் போட்டுக் குக்கரில் வைத்துக்கொண்டிருந்தேன். போன புதன்கிழமை அவர் சொன்னபடி செய்தேன். மணி மணியாக வந்தது. படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். அவளும் அன்று சாமைதான் வடித்திருந்தாள், அதன் படத்தை அனுப்பினாள்.

ஆனி மாதம் பலா பழுக்கும்போது வரச் சொல்லியிருக்கிறார்கள். மழை தொடங்கியிருக்கும், படி வழுக்கும், அதனால் அருவிக்கு இறங்க மாட்டோம் என்று அக்காவிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். "அப்ப மத்தியானமே சோறு போட்டுடறேன்" என்றார்.